எட்டிலும் சேராத ஒரு சொல்



போன வாரம் பதிவு எதுவும் போடவில்லையே, உடம்புக்கு முடியவில்லையா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். முழங்கால் வலியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு விஷயத்தைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் இன்று. கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் ஆரம்பித்தால் பெல் அடிக்கும் வரை நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

1991-ஆம் ஆண்டு. ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு. ஓட்டுக் கட்டடத்தில் கடைசி அறை. அந்த செட் மாணவர்கள் இதைப் படித்தால் நினைவு வரும். பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் நடத்தி முடித்து, பத்து மார்க்குக்கு ஒரு சிறு தேர்வு வைத்தேன். கரும்பலகையில் வாக்கியங்களை எழுதி, அடிக்கோடிட்ட சொல் எட்டில் எந்த வகை என்று எழுதச் சொன்னேன். அதில் ஒன்று, 'தி பாய் கேவ் மீ எ மேங்கோ'. அடிக்கோடிட்டது 'தி'.

எல்லாரும் அட்ஜெக்டிவ் என்று எழுதினார்கள். நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரே ஒரு பையன் மட்டும் தமிழில் எழுதியிருந்தான்: "இது எட்டிலும் சேராது."

கூப்பிட்டுக் கேட்டேன். "அட்ஜெக்டிவ்னா ஒரு பொருள் எப்படி இருக்குன்னு சொல்லணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. 'தி'ன்னா பையன் குட்டையா நெட்டையா, நல்லவனா கெட்டவனா, ஒண்ணுமே தெரியலையே" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "புத்தகத்துல என்ன இருக்கோ அத எழுதுடா, பெரிய மேதாவி" என்று சொல்லிச் சுழி போட்டேன். அந்தப் பீரியட் முடியும் வரை பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். வகுப்பே சிரித்தது. அன்று முதல் அவனுக்கு 'எட்டுல சேராதவன்' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பையன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

இது நான் மறந்துபோன கதை. போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்த பேத்திக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தபோது, "அம்மாச்சி, 'தி' அட்ஜெக்டிவ் இல்ல. டிடர்மினர். எங்க மிஸ் சொன்னாங்க, புக்லயும் இருக்கு" என்றாள். சுருக்கென்றது. அப்படியானால் அந்தப் பையன்?

எட்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அது இரண்டாயிரம் வருஷத்துக்கும் பழைய கதை.

கிரேக்கத்தில் பிளேட்டோ காலத்தில், கி.மு. நான்காம் நூற்றாண்டில், எட்டு கிடையாது. இரண்டுதான். வாக்கியத்தில் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அது ஒன்று, அவரைப் பற்றி என்ன சொல்கிறோமோ அது மற்றொன்று. ஏறக்குறைய நம் பெயரும் வினையும். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் இணைப்புச் சொற்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். பிறகு வந்த ஸ்டோயிக் தத்துவவாதிகள் இன்னும் சில வகைகளைப் பிரித்தார்கள். இவர்களெல்லாம் இலக்கண வாத்தியார்கள் இல்லை, தத்துவம் பேசியவர்கள். மனிதன் உண்மையை எப்படிச் சொல்கிறான் என்று ஆராயப்போய்ச் சொல்லைப் பிரித்தார்கள்.

எட்டாக்கியவர்கள் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்து அறிஞர்கள். அங்கே புகழ்பெற்ற நூலகம் இருந்தது. ஹோமரின் பழைய காவியங்கள் பொதுமக்களுக்குப் புரியாமல் போன காலம் அது. அவற்றைப் பிழையில்லாமல் படிக்க இலக்கணம் தேவைப்பட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனிசியஸ் திராக்ஸ் என்பவர் பெயரில் வழங்கும் சின்னஞ்சிறு இலக்கண நூலில் அந்த எட்டும் இருக்கின்றன. நவுன், வெர்ப், பார்ட்டிசிப்பிள், ஆர்ட்டிகிள், ப்ரொனவுன், பிரிபொசிஷன், அட்வெர்ப், கஞ்சங்ஷன்.

இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்கள். நாம் படித்த எட்டு இல்லை இது. அட்ஜெக்டிவ் இதில் இல்லை, அதை நவுனுக்குள்ளேயே ஒரு பிரிவாக வைத்திருந்தார்கள். இன்டர்ஜெக்ஷனும் இல்லை. ஆனால் ஆர்ட்டிகிள் தனி வகையாக, கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது!

காரணம், கிரேக்க மொழியில் 'தி' போன்ற சொல் உண்டு. ஆண்பாலுக்கு 'ஹோ', பெண்பாலுக்கு 'ஹே', மற்றதற்கு 'டோ'. வேற்றுமைக்கு வேற்றுமை உருவம் மாறும். அதைக் கண்டுகொள்ளாமல் கிரேக்கம் படிக்கவே முடியாது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆர்த்ரான்'. மூட்டு என்று அர்த்தம். என் முழங்காலைப் பார்த்துவிட்டு டாக்டர் 'ஆர்த்ரைட்டிஸ்' என்று சீட்டில் எழுதினாரே, அதே சொல்தான். லத்தீனில் அதை 'ஆர்ட்டிகுலஸ்', அதாவது சின்ன மூட்டு என்று மொழிபெயர்த்தார்கள். அதுதான் இங்கிலீஷில் ஆர்ட்டிகிள் ஆயிற்று. வலியோடு படித்ததால் இந்த ஒன்று எனக்கு மறக்கவே மறக்காது.

அடுத்து ரோமாபுரிக்கு வருவோம். ரோமானியர்கள் கிரேக்கர்களிடம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது போல இலக்கணத்தையும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு சிக்கல். லத்தீனில் 'தி'யும் கிடையாது, 'எ'யும் கிடையாது. 'புயெல்லா' என்றால் பெண். ஒரு பெண், அந்தப் பெண் எல்லாம் அதே சொல்தான். நம் தமிழ் மாதிரி. 'பையன் வந்தான்' என்றால் எந்தப் பையன் என்பது இடத்தை வைத்து நமக்குப் புரிந்துவிடுகிறது இல்லையா?

ஆக, லத்தீன் கணக்குப்படி ஆர்ட்டிகிள் போனால் ஏழுதான். ஆனால் அவர்கள் பட்டியலிலும் எட்டு வந்துவிட்டது. கிரேக்கர்கள் அட்வெர்ப்புக்குள் அடக்கியிருந்த 'ஐயோ', 'ஆகா' போன்ற சொற்களைத் தனியே எடுத்து இன்டர்ஜெக்ஷன் என்று ஒரு வகை ஆக்கினார்கள். நடுவில் எறியப்பட்டது என்பது அந்தச் சொல்லின் பொருள். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய குவிண்டிலியன் என்ற பேராசிரியர் இதைச் சொல்லியே இருக்கிறார். நம் மொழிக்கு ஆர்ட்டிகிள் வேண்டியதில்லை, இன்டர்ஜெக்ஷன் புதிதாகச் சேர்ந்தது என்பது அவர் சொன்னதன் சாரம்.

எட்டுப் பேர் உட்காரும் ஷேர் ஆட்டோவில் ஒருவர் இறங்கினால் உடனே இன்னொருவர் ஏறிக்கொள்வாரே, அப்படி!

இன்டர்ஜெக்ஷனுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று மரபில் சொல்லப்படுபவர் ரெம்மியஸ் பலேமன். அவர் அடிமையாகப் பிறந்தவர். முதலில் நெசவு கற்றார். எஜமானி வீட்டுப் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போகும் வேலை கிடைத்தது. அப்படிப் போன இடத்தில் தானும் எழுத்துக் கற்றுக்கொண்டார். பிறகு விடுதலை பெற்று ரோமிலேயே பெயர்பெற்ற இலக்கண ஆசிரியர் ஆனார். இதைப் படித்தபோது சத்துணவு கொடுக்கும் பள்ளியில் வேலை பார்த்தவளாக எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

எல்லாருமே எட்டு என்று சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கி.மு. முதல் நூற்றாண்டில் வார்ரோ என்ற ரோமானிய அறிஞர் நான்கே வகை போதும் என்றார். வேற்றுமை ஏற்கும் சொல், காலம் காட்டும் சொல், இரண்டும் உள்ள சொல், இரண்டும் இல்லாத சொல். நம் தொல்காப்பியரும் பெயர், வினை இரண்டையும் முதலில் வைத்து, அவற்றைச் சார்ந்து வரும் இடை, உரி என்று நான்கில் முடித்தார். அடுத்த வகுப்பில் தமிழ் ஐயா நான்கு என்று நடத்துவார், இந்த வகுப்பில் நான் எட்டு என்று நடத்துவேன். ஏன் வேறுபடுகிறது என்று நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. டீ மட்டும் சேர்ந்து குடித்திருக்கிறோம்.

ஆனால் ரோமில் நிலைத்தது எட்டுதான். கி.பி. நான்காம் நூற்றாண்டில் டொனாட்டஸ் என்ற ஆசிரியர் சிறுவர்களுக்காகக் கேள்வி-பதில் வடிவில் ஒரு சிறு நூல் எழுதினார். சொல்வகை எத்தனை என்று கேட்டு, எட்டு என்று பதில் சொல்வதில்தான் அது தொடங்குகிறது. நம் ஊர் நோட்ஸ் புத்தகம் போல வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா முழுவதும் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். கூட்டன்பர்க் அச்சு இயந்திரம் கண்டுபிடித்தபோது முதன்முதலில் அச்சடித்த புத்தகங்களில் அதுவும் ஒன்று.

இங்கிலாந்திலும் இதே நிலைதான். அங்கே 'கிராமர் ஸ்கூல்' என்றாலே லத்தீன் இலக்கணம் கற்கும் பள்ளி. இங்கிலீஷுக்கு இலக்கணம் உண்டு என்றே அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை, வீட்டில் பேசுகிற பாஷைதானே! 1540-களில் எட்டாம் ஹென்றி மன்னர், வில்லியம் லில்லி பெயரிலான லத்தீன் இலக்கணத்தையே பள்ளிகளில் நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டார். ஷேக்ஸ்பியர் தலைமுறை படித்தது அதைத்தான்.

1586-இல் வில்லியம் புல்லோக்கர் என்பவர்தான் இங்கிலீஷுக்கு முதல் இலக்கண நூலை அச்சில் கொண்டுவந்தார். எங்கள் மொழிக்கும் விதிகள் உண்டு என்று காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. நல்ல ஆசை. ஆனால் கையில் இருந்த அளவுகோல் லில்லியின் லத்தீன் அளவுகோல். அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையை இங்கிலீஷுக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

இங்கேதான் 'தி' அநாதை ஆயிற்று. கிரேக்கத்தில் அதற்குத் தனி இடம் இருந்தது. லத்தீனில் அந்தச் சொல்லே இல்லாததால் இடம் போயிற்று. இங்கிலீஷில் சொல் இருக்கிறது, ஆனால் பட்டியல் லத்தீனிலிருந்து வந்ததால் இடம் இல்லை!

அதுவும் எப்பேர்ப்பட்ட சொல்? இங்கிலீஷ் எழுத்தில் மிக அதிகமாக வரும் சொல்லே 'தி'தான். 1960-களில் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் பலவகை எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் தொகுத்து எண்ணிப் பார்த்தார்கள். அதில் ஏறக்குறைய 70,000 முறை 'தி' வந்திருந்தது. நூற்றுக்கு ஏழு.

இதை அன்றே கவனித்தவர்கள் உண்டு. ஷேக்ஸ்பியரின் நண்பரும் நாடக ஆசிரியருமான பென் ஜான்சன் ஓர் இங்கிலீஷ் இலக்கணம் எழுதினார். 1623-இல் அவர் வீட்டில் தீப்பிடித்து அந்தக் கையெழுத்துப் பிரதி எரிந்துபோனது. மனம் தளராமல் மறுபடி எழுதினார். அவர் இறந்த பின் 1640-இல் அது வெளிவந்தது. லத்தீனின் எட்டோடு ஒன்பதாவதாக ஆர்ட்டிகிளைச் சேர்க்கிறோம் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

1761-இல் ஜோசப் பிரீஸ்ட்லி வந்தார். பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? ஆமாம், 1774-இல் ஆக்சிஜன் வாயுவைப் பிரித்தெடுத்தாரே, அவரேதான். அவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அவருடைய இலக்கணத்தில் பார்ட்டிசிப்பிளை இறக்கிவிட்டு அட்ஜெக்டிவை ஏற்றிக்கொண்டார். மறுபடியும் எட்டு! நவுன், அட்ஜெக்டிவ், ப்ரொனவுன், வெர்ப், அட்வெர்ப், பிரிபொசிஷன், கஞ்சங்ஷன், இன்டர்ஜெக்ஷன். நீங்களும் நானும் ஒப்பித்த எட்டு இதுதான். இதில் எனக்குப் பிடித்தது அவருடைய நேர்மை. இத்தனைதான் வகை என்று வைப்பது நம் வசதிக்காகத்தான், எப்படியும் ஓர் எண் வேண்டுமென்றால் இது பரவாயில்லை என்ற பொருளில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பொருள் நமக்கு வந்து சேரவில்லை. எட்டு மட்டும் வந்து சேர்ந்தது.

அடுத்த வருஷமே, 1762-இல், ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஒன்பது என்று எழுதினார். அவர் பட்டியலில் முதல் இடமே ஆர்ட்டிகிளுக்கு. 1795-இல் லிண்ட்லி முர்ரே எழுதிய இலக்கணமும் ஒன்பது என்றே சொன்னது. முர்ரே அமெரிக்க வக்கீல், இங்கிலாந்தின் யார்க் நகரில் வந்து குடியேறியவர். அங்கே ஒரு பெண்கள் பள்ளி ஆசிரியைகளுக்கு உதவியாக அதை எழுதினார். அது லட்சக்கணக்கில் விற்றது.

பிறகு ஒன்பது எப்படி நம் கையில் மறுபடி எட்டாக வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வட இந்தியாவில் கல்வித்துறை அதிகாரியாக இருந்த நெஸ்ஃபீல்ட் எழுதிய இலக்கண வரிசை இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது. அதில் எட்டு. 1930-களில் ரென் அண்ட் மார்ட்டின் வந்தது. அதிலும் எட்டு. அந்த ரென், 'பியூ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிப் புகழ்பெற்ற அதே பி.சி. ரென். இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர். இவர்கள் 'தி'யை அட்ஜெக்டிவ் வீட்டில் குடிவைத்தார்கள். சும்மா வைக்கவில்லை, நியாயம் உண்டு. பழைய இங்கிலீஷில் 'தி'யும் 'தட்'டும் ஒரே குடும்பம். 'எ' என்பது 'ஒன்' என்ற எண்ணின் தேய்ந்த வடிவம். அந்த, ஒரு என்பவை பெயருக்கு முன்னால் நின்று அதைச் சுட்டுகின்றன. ஆகவே சுட்டும் அட்ஜெக்டிவ் என்றார்கள்.

என் ஆசிரியர் பயிற்சியில் நான் படித்ததும் அதுதான். அதை அப்படியே உங்களிடம் இறக்கினேன். யார் சொன்னது, எதனால் சொன்னார்கள் என்ற கேள்வியே எனக்கு வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டு மொழியியல் அறிஞர்கள் வேறு வழியில் போனார்கள். பெயர் வைப்பதை விட்டுவிட்டு, சொல் எந்த இடத்தில் நிற்கிறது, என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். அமெரிக்காவில் சார்ல்ஸ் ஃப்ரீஸ் என்ற பேராசிரியர் மக்கள் டெலிபோனில் பேசியதைச் சுமார் 50 மணி நேரம் பதிவு செய்து ஆராய்ந்தார். 1952-இல் புத்தகம் வெளியிட்டார். அதில் பழைய பெயர்களே இல்லை. நான்கு பெரிய வகுப்பு, 15 சிறு குழு. அந்தக் குழுக்களில் முதல் குழுவே 'தி' நிற்கும் இடத்தில் வந்து நிற்கக்கூடிய சொற்கள்தான். கிரேக்கத்துக்குப் பிறகு 'தி'க்கு மறுபடி ஒரு சொந்த வீடு. அந்தக் குடும்பத்துக்கு இன்று வழங்கும் பெயர்தான் டிடர்மினர்.

இது வெறும் பெயர் மாற்றமா? இல்லை. நீங்களே சோதித்துப் பாருங்கள், அந்தக் காலத்து வகுப்பு மாதிரி.

ஒன்று. அட்ஜெக்டிவ் எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். 'பிக் ரெட் ஹவுஸ்' சரி. 'தி மை ஹவுஸ்' சொல்ல முடியுமா? முடியாது. அந்த நாற்காலி ஒருவருக்குத்தான்.

இரண்டு. 'தி ஹவுஸ் இஸ் பிக்' என்று அட்ஜெக்டிவ் கடைசியில் நிற்கும். 'ஹவுஸ் இஸ் தி' என்று நிற்குமா?

மூன்று. 'பிக்', 'பிக்கர்', 'பிக்கஸ்ட்' உண்டு. 'தி'க்கு ஏது?

மூன்றிலும் 'தி' தோற்றுவிட்டது. அதாவது அது அட்ஜெக்டிவ் இல்லை. 1991-இல் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், எந்தப் புத்தகமும் பார்க்காமல், நான் கொடுத்த வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வந்தான். பென் ஜான்சன் கேட்டதும், லௌத் கேட்டதும் அதே கேள்விதான். அவர்களுக்குப் பதிலாகப் புத்தகம் வந்தது. அவனுக்குப் பதிலாகப் பட்டப்பெயர் வந்தது.

எட்டு என்று சொல்லிக்கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. தொடங்குகிற பிள்ளைக்கு ஏதாவது ஒரு கணக்கு வேண்டும். பிடித்து நடக்க ஒரு கைப்பிடி வேண்டும். ஆனால் அது மனிதர்கள் வைத்த கணக்கு. ஏதென்ஸில் இரண்டாக இருந்தது, அலெக்சாந்திரியாவில் எட்டானது, ரோமில் ஆள் மாறியது, இங்கிலாந்தில் மறுபடி ஆள் மாறியது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், "இது இதில் சேரவில்லையே" என்று சொன்னதால்தான் மாறியது. நான் செய்த தப்பு, சேரவில்லையே என்று சொன்னவனைப் பெஞ்சு மேல் ஏற்றியது.

இப்போது பணியில் இருக்கும் என் மாணவ ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் விடைத்தாளில் தப்பாக எழுதினால், சுழிப்பதற்கு முன் "ஏன் இப்படி எழுதினாய்" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், "நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மரியாதை குறைந்துவிடாது. நான் இதைக் கற்றுக்கொள்ள முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த மாணவன் பெயரை இங்கே எழுதவில்லை. அவனுடைய செட்டில் சிலர் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு யாரென்று தெரியும். இன்னும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடுகிறீர்களானால், டீச்சர் சொன்னேன் என்று இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பி வையுங்கள்.

தம்பி, நீ எழுதியது சரி. அன்று உனக்குப் போட்ட சுழியை அடித்துவிட்டேன். பத்துக்குப் பத்து. முப்பது வருஷம் தாமதமாகத் திருத்தியதற்கு டீச்சரை மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வா. வேறு என்னென்ன கேள்வி கேட்காமல் விட்டாய் என்று சொல். உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்